வேல் குத்தும் நாக்கால் ரம் கடைக்காரி வேடமா?

#1 மலையடிக்காரி (காத்ர் போர்ன், மொரீஷியஸ்)

வணக்கம். இரண்டு வருடமாக இங்கே வாசித்துவிட்டு மட்டும் போகிறவள். முதல் தடவை எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வயது 41. போர்ட் லூயிஸில் ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். 19 வயதிலிருந்து நடிக்கிறேன். நம் தேசிய நாடக விழாவின் தமிழ்ப் பிரிவில் சீதை, சாவித்திரி, கண்ணகி, பிறகு வயதுக்கேற்ப அம்மா வேடங்கள். சந்தையில் கத்தரிக்காய் வாங்கும்போது யாராவது ஒருவர் "கண்ணகி வருது பார்" என்பார். என் புகழ் அவ்வளவுதான்.

23 வயதில் அம்மாவுக்கு ஓர் அறுவை சிகிச்சை. அப்போது வேண்டிக்கொண்டு எடுத்த காவடி, இன்றுவரை தொடர்கிறது. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: இங்கே தைப்பூசத்துக்குப் பத்து நாள் விரதம். வீட்டில் அதை "கரேம்" என்போம். கொடி ஏறிய நாளிலிருந்து மீன், இறைச்சி, மது இல்லை, படுக்கை தரையில். பூசத்தன்று நாக்கில் வேல். காவடியில் கட்டிய செம்பில் பால். கோர் தெ கார்ட் மலைப்படி ஏறி முருகன் முன்னால் செம்பைத் திறக்கும்போது, அத்தனை வெயிலுக்குப் பிறகும் பால் திரியாமல் இருக்க வேண்டும். மூடியைத் திறக்கிற அந்த நொடியில் வயிறு ஒரு தடவை கலங்கும் பாருங்கள், எந்த மேடையிலும் எனக்கு அப்படிக் கலங்கியதில்லை.

இனி விஷயம். ஐந்து வருடம் முன்பு ஒரு கிரியோல் மொழி நாடகக் குழு என்னைக் கூப்பிட்டது. ரம் கடை நடத்துகிற ஒருத்தி வேடம். குடிப்பாள், வாய்க்கு வந்தபடி பேசுவாள், கடைசிக் காட்சியில் புருஷனைக் கைநீட்டி அடிப்பாள். வாசித்தபோது கை நடுங்கியது, அவ்வளவு நல்ல வேடம். நான் சொன்ன பதில்: "வேல் குத்துகிற நாக்கு இது. இதில் அந்தப் பேச்சு வராது." குழுவில் எல்லோரும் மரியாதையாகத் தலையாட்டினார்கள். கோயிலில் ஒரு பெரியவர் தலையில் கைவைத்து ஆசீர்வாதமே செய்தார்.

அது பொய் என்று தெரிய எனக்கு மூன்று வருடம் ஆனது.

எப்படித் தெரிந்தது என்றால், தமிழ் படிக்கப் போனதால். என் தலைமுறையில் பலருக்கும் போல எனக்கும் தமிழ் வசனம் பிரெஞ்சு எழுத்தில்தான் கைக்கு வரும். ஒலியை மனப்பாடம் செய்வோம், அர்த்தத்தை இயக்குநர் கிரியோலில் சொல்லித் தருவார். 38 வயதில் ஓர் ஆசிரியையிடம் அ, ஆ என்று தொடங்கினேன். மெட்ரோவில் உட்கார்ந்து நம் ரூபாய் நோட்டில் இருக்கிற தமிழை எழுத்துக்கூட்டுவேன். எழுத்து பிடிபட்ட பிறகு என் பழைய கண்ணகி வசனத்தை எடுத்துத் தமிழில் எழுதிப் பார்த்தேன். "கள்வன்" என்கிற சொல்லை நான் பன்னிரண்டு வருடமாக "கல்வன்" என்று சொல்லியிருக்கிறேன். "பழி" என்று வரவேண்டிய இடத்தில் "பலி". தலைவிரி கோலமாக, சிலம்பைக் கையில் வைத்துக்கொண்டு, தொண்டை கிழிய, "பலி". ஒவ்வொரு தடவையும் கைதட்டல்.

அன்றைக்கு இரவு தூக்கம் வரவில்லை. நான் பாதி புரியாமல் பேசினேன், சபை பாதி புரியாமல் கேட்டது, நடுவில் பக்தி நின்று இரண்டு பேரையும் காப்பாற்றியது. கிரியோல் அப்படி இல்லை. அது வீட்டில் பேசுகிற பாஷை. ஒரு சொல் பொய்யாக வந்தாலும் முதல் வரிசையில் இருக்கிறவர் கண்டுபிடித்துவிடுவார். நான் பயந்தது அதற்கு. முருகனைக் கவசமாகப் பிடித்துக்கொண்டேன்.

அதே குழு, அதே வேடம், இப்போது மறுபடியும் கூப்பிட்டிருக்கிறார்கள். ஒத்திகை தொடங்குவது சரியாகக் கொடியேற்றத்தன்று. என்ன செய்யலாம்?

#2 பழைய மேளம் (ரோஸ் ஹில்)

அம்மா, உண்மையை எழுதியதற்குப் பாராட்டு. ஆனாலும் நீங்கள் முதலில் சொன்ன பதில்தான் சரி என்பேன். பயத்தில் சொன்னாலும் சரியான பதில் சரியான பதிலே.

கே. பி. சுந்தராம்பாளை எடுத்துக்கொள்ளுங்கள். 1933இல் கணவர் கிட்டப்பா இறந்தார். அதன்பின் அந்த அம்மாள் வெள்ளை உடைதான் உடுத்தினார், எந்த ஆணுக்கும் ஜோடியாக நடிப்பதில்லை என்று உறுதி எடுத்தார், கடைசிவரை காத்தார். பூம்புகார் படத்தில் கவுந்தியடிகள் வேடம் வந்தபோது சமணத் துறவிக்கு நெற்றியில் திருநீறு இருக்காதே என்று தயங்கினார். முருக பக்தை என்றால் அப்படி இருக்க வேண்டும். வேடம் இன்று வரும், நாளை போகும். நெற்றி நம்முடையது.

விரத காலத்தில் குடிகாரி வேடம் கட்டுவது எனக்கு ஒப்பவில்லை. கோபிக்க வேண்டாம்.

#3 மயிலாப்பூர் டு மோக்கா

பழைய மேளம் ஐயா, நீங்க ஆரம்பிச்ச கதையை நான் முடிக்கிறேன், உரிமையோட. தயங்கினது வாஸ்தவம். ஆனா கவுந்தியடிகளா நடிச்சாங்களே! 1964ல படம் வந்தது. அந்தப் படத்துல தெய்வம் எங்கே போச்சுன்னு கேக்கற மாதிரி ஒரு வரி இருந்ததாம், அதைப் பாடமாட்டேன்னு சொல்லி மாத்த வச்சாங்கன்னு எங்க வீட்ல பாட்டி சொல்வா. அதாவது பேரம் பேசியிருக்காங்க. வேடத்தைத் தூக்கிப் போடலை.

அதுக்கும் முன்னாடி போங்க. ஆணுக்கு ஜோடி இல்லைன்னு உறுதி எடுத்தவங்க 1935ல என்ன செஞ்சாங்க? தானே ஆண் வேடம் கட்டி நந்தனாரா நடிச்சாங்க. சம்பளம் ஒரு லட்சம் ரூபாய், அந்தக் காலத்துல! படத்தைப் பத்திரிகைக்காரங்க கிழிச்சாங்க, அது வேற. அந்த விரதம் அவங்களை மூலையில உக்கார வைக்கலை. "அப்போ வேற எப்படிச் செய்யலாம்"னு யோசிக்க வச்சது. 1958ல மெட்ராஸ் மேலவைக்கே போய் உக்காந்தாங்க, 1973ல காரைக்கால் அம்மையார் வரைக்கும் நடிச்சாங்க. விரதத்தால சுருங்கின வாழ்க்கை மாதிரியா தெரியுது?

எம்.எஸ். சுப்புலட்சுமி வழி வேற. 1941ல சாவித்திரி படத்துல நாரதரா நடிச்சது கல்கி பத்திரிகை ஆரம்பிக்கப் பணம் வேணும்னு. பக்தி அங்கே காரணமே இல்லை. 1945ல தமிழ் மீரா, 47ல ஹிந்தி மீரா, அதோட சினிமாவுக்கு முழுக்கு. ஒருத்தங்க உள்ளே இருந்துகிட்டே நிபந்தனை போட்டாங்க, இன்னொருத்தங்க வெளியே வந்துட்டாங்க.

அக்கா, என் கேள்வி ஒண்ணுதான். நீங்க எழுதினதுல ஒரு இடம் இடிக்குது. முதல் வரிசைல இருக்கற யாரோ கண்டுபிடிப்பாங்கன்னு பயந்தேன்னு சொல்றீங்க. யாரு அந்த யாரோ?

#4 ஏழுகறி

ஹிந்தி நடிகை ஜைரா வசீம் 2019இல் சினிமாவே வேண்டாம், என் மார்க்கத்தோடு எனக்குள்ள உறவு கெடுகிறது என்று எழுதிவிட்டுப் போனார். அப்போது அவருக்கு 18 வயது. ஆளாளுக்கு அறிவுரை சொன்னார்கள். யாராவது அவரிடம் "நீ நலமா" என்று கேட்டார்களா தெரியவில்லை. விடுவதும் ஒரு தேர்வுதான், அதைக் கோழைத்தனம் என்று யாரும் சொல்லாமல் இருந்தால் சரி.

(என் பெயரைப் பார்த்து ஏழு கறிச் சாப்பாடு எங்கே கிடைக்கும் என்று தனிமடலில் கேட்கிறவர்களுக்கு: புரட்டாசி கோவிந்தன் விரதம் வரை காத்திருங்கள்.)

#5 கட்டியங்காரன் பேரன் (டர்பன்)

எங்க தாத்தா தென்னாப்பிரிக்காவில் நாத்தால் கரும்புத் தோட்டத்தில் கூத்து ஆடினவர். இங்கே அதை இங்கிலீஷில் "சிக்ஸ் ஃபூட் டான்ஸ்" என்று சொல்லிச் சொல்லி, தெருக்கூத்து என்கிற பேரே பாதிப் பேருக்கு மறந்துபோச்சு. என் தமிழ் தாத்தா தமிழ், தப்பு இருந்தால் திருத்துங்கள்.

1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பல் மெட்ராஸிலிருந்து டர்பனுக்கு வந்தது. அதிலும் பின்னால் வந்த கப்பல்களிலும் வந்தவர்கள் தகரக் கொட்டகையில் முதலில் மாரியம்மனை வைத்தார்கள், அப்புறம் கூத்து வைத்தார்கள். திரௌபதி வேடம் கட்டுகிறவர் ஆம்பிளைதான். விரதம் உண்டு, மஞ்சள் துணி உண்டு, வீட்டுப் பக்கம் போகமாட்டார். பழைய மேளம் ஐயா சொல்கிற எல்லாமும் உண்டு.

ஆனால் ஐயா, அதே கூத்தில் கதை சொல்லிச் சிரிக்க வைக்கிற கட்டியங்காரன் யார்? என் தாத்தா. ராத்திரி முழுக்க அவர் வாயிலிருந்து வருகிறது எல்லாம் இந்த இழையில் எழுத முடியாத பேச்சு. தோட்டத்துத் துரை மாதிரி நடந்து காட்டுவார், கூலிகளை மேய்க்கிற சர்தார் மாதிரி இருமுவார், புருஷன் பெண்டாட்டி சண்டையை ஆடிக் காட்டுவார். எங்கே? அம்மனுக்கு நேர் எதிரே. அவரும் அதே விரதம் இருந்துதான் வருவார். திரௌபதிக்கு ஒரு விபூதி, கட்டியங்காரனுக்கு ஒரு விபூதி என்று பூசாரி பிரித்துக் கொடுக்கவில்லை.

இன்னொன்றும் சொல்லுகிறேன். இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலில் பெரிய கூட்டம் எப்போது தெரியுமா? கிறிஸ்தவர்களின் பெரிய வெள்ளிக்கிழமை. ஏன்? தோட்டத்தில் அன்றைக்குத்தான் லீவு. அம்மன் ஏற்றுக்கொண்டாள். ஒத்திகைத் தேதியும் கொடியேற்றமும் ஒரே நாளில் வந்தால் முருகன் காலண்டரைத் தூக்கி எறிவாரா?

தங்கச்சி, போய் நடி. தாத்தா இருந்தால் இதைத்தான் சொல்லியிருப்பார். கூடவே ஒரு கெட்ட வார்த்தையும்.

#6 மலையடிக்காரி

டர்பன் அண்ணா, அலுவலகத்தில் சத்தமாகச் சிரித்துவிட்டேன். பக்கத்து மேசைக்காரி திரும்பிப் பார்த்தாள்.

பழைய மேளம் ஐயா, எனக்குக் கோபம் இல்லை. ஐந்து வருடம் முன்பு எனக்கு ஆசீர்வாதம் செய்த பெரியவர் மாதிரியே பேசுகிறீர்கள். இன்றைக்கும் அதைக் கேட்டால் மனசு குளிர்கிறது, எனக்குச் சிக்கலே அங்கேதான். கைதட்டலைவிட அந்த ஆசீர்வாதம் போதையாக இருந்தது.

மயிலாப்பூர்க்காரி கேட்ட கேள்விக்கு இப்போதைக்குப் பதில் இல்லை. யோசிக்கிறேன்.

#7 செந்தெனி (ரெயூனியோன்)

எங்கள் தீவில் "பால் தமூல்" என்கிற தமிழ்க் கூத்தை இன்னும் ஆடுகிறார்கள். ராத்திரி முழுக்க, பாரதக் கதை. பாடுகிற பெரியவர்களில் பலருக்குத் தமிழ் பேச வராது. நோட்டுப் புத்தகத்தில் பிரெஞ்சு எழுத்தில் பாட்டு இருக்கும், அப்பா நோட்டைப் பார்த்து மகன் எழுதினது, அவன் நோட்டைப் பார்த்துப் பேரன் எழுதினது. ஒவ்வொரு தடவையும் ஓர் எழுத்து நழுவும். நான் தமிழ் படித்த பிறகு ஒரு நோட்டை வாங்கி உட்கார்ந்தேன். அர்ச்சுனன் எங்கே முடிகிறான், ஆஞ்சநேயர் எங்கே தொடங்குகிறார் என்றே கண்டுபிடிக்க முடியாத இடங்கள் இருந்தன.

திருத்திக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பெரியவர் வாங்கிப் பார்த்தார், மடித்துச் சட்டைப்பையில் வைத்தார், அன்று இரவு பழையபடியே பாடினார். எனக்குக் கோபம்தான் வந்தது. விடியும் நேரத்தில் அந்தத் தப்புப் பாட்டுக்கு என் கண் ஏன் நனைந்தது என்று இன்றுவரை விளங்கவில்லை. உங்கள் "கல்வன்" பற்றி அதிகம் வெட்கப்படாதீர்கள். அந்தக் கைதட்டலும் முழுப்பொய் இல்லை.

#8 பழைய மேளம்

டர்பன் தம்பி கட்டியங்காரனைக் கொண்டுவந்து என் வாயை அடைத்துவிட்டார். ஒத்துக்கொள்கிறேன், கூத்தில் அது உண்டு. ஆனால் அந்தக் கூத்து நடந்தது கோயில் வாசலில். கேட்டவர்களும் விரதக்காரர்கள். டிக்கெட் போட்டு விற்கிற அரங்கமும் அதுவும் ஒன்றா? இந்த ஒரு வித்தியாசத்தை யாராவது எனக்கு விளக்கினால் இன்னும் கொஞ்சம் இறங்கி வருவேன்.

#9 ஏழுகறி

ஐயா, சீதை வேடத்தையும் இவர் டிக்கெட் போட்ட அரங்கத்தில்தானே நடித்தார்? அப்போது ஒன்றும் சொல்லவில்லையே.

#10 பழைய மேளம்

சீதை குடிக்கமாட்டாள்!

#11 மட்டுறுத்துநர்

இதற்குப் பிறகு வந்த பதினோரு பதில்கள் இராமாயணத்தில் யார் என்ன குடித்தார்கள் என்பது பற்றியவை. வேறு இழைக்கு நகர்த்தப்பட்டன. இங்கே விஷயத்துக்கு வாருங்கள்.

#12 மலையடிக்காரி

யார் அந்த யாரோ என்று மயிலாப்பூர்க்காரி கேட்டாளே, பதில் எழுதுகிறேன். இரண்டு நாளாக எழுதி எழுதி அழித்தேன்.

என் அம்மா.

அப்பாவின் தங்கை ஒருத்தி இருந்தார், என் அத்தை. தெற்கே ஒரு கரும்பு ஊரில் சின்னக் கடை. முன்பக்கம் அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய். பின்பக்கம் கோப்பை கோப்பையாக ரம். அத்தையும் குடிப்பார். எனக்கு ஏழு எட்டு வயது இருக்கும், லீவுக்குப் போனால் கல்லாவுக்குப் பின்னால் ஒரு பெட்டிமேல் உட்கார வைப்பார். கடன் சொல்கிற ஆளை அவர் பார்க்கிற பார்வை இப்போதும் கண்முன் நிற்கிறது. முதலில் ஆளைப் பார்க்கமாட்டார், அவன் செருப்பைப் பார்ப்பார். பிறகு கை. பிறகுதான் முகம். செருப்பு புதிது என்றால் கடன் கிடையாது.

ஒருநாள் ஏதோ நடந்தது. அத்தை பெயரை வீட்டில் எடுக்கக் கூடாது என்றாகிவிட்டது. எனக்குக் காரணம் யாரும் சொல்லவில்லை. அத்தை இறந்த செய்திகூடச் சாப்பாட்டு நேரத்தில், குழம்பு ஊற்றுகிற மாதிரி சாதாரணமாகச் சொல்லப்பட்டது.

அந்த நாடகத்தை முதல் தடவை வாசித்தபோது மூன்றாவது பக்கத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, இது என் அத்தை. எழுதியவருக்கு எங்கள் குடும்பத்தைத் தெரியாது. ஆனால் நான் மேடை ஏறினால் முதல் வரிசையில் அம்மா இருப்பார், எப்போதும் இருப்பார். சீதையைக் கண்டு அழுத அம்மா இதைப் பார்த்து என்ன செய்வார்? அதற்கு என்னிடம் பதில் இல்லாததால் முருகனைக் கூப்பிட்டேன்.

#13 மயிலாப்பூர் டு மோக்கா

அக்கா... கேட்டுட்டு நானே வருத்தப்பட்டேன். ஆனா அந்தச் செருப்பு விஷயத்தை எழுதினீங்களே, அதை எந்த நாடகாசிரியரும் எழுதமுடியாது. அம்மாகிட்ட முன்னாடியே சொல்லிடுங்க. முதல் வரிசைல வச்சு அதிர்ச்சி குடுக்காதீங்க.

#14 கட்டியங்காரன் பேரன்

ஒரு நடைமுறைக் கேள்வி. நாக்கில் வேல் குத்தினால் எத்தனை நாளில் ஒழுங்காகப் பேச வரும்? எனக்குக் கன்னத்தில்தான் அனுபவம்.

#15 மலையடிக்காரி

எடுத்தவுடன் விபூதி வைப்பார்கள், அண்ணா. அடுத்த நாள் காரமும் சூடும் ஆகாது, மூன்றாம் நாள் சரியாகிவிடும், என் நாக்குக்கு அப்படித்தான். "ர" மட்டும் கொஞ்சம் மக்கர் செய்யும். நல்லவேளை, கிரியோலில் "ர" தொண்டையில்தான் இருக்கிறது!

#16 மலையடிக்காரி

கடைசியாக ஒரு தகவல். கொடியேற்றம் முடிந்து நான்கு நாள் ஆகிறது.

இயக்குநரிடம் போனேன். பத்து நாள் தள்ளி வைக்க முடியுமா என்று கேட்டேன், முடியாது, அரங்கம் பதிவாகிவிட்டது என்றார். சரி என்றேன். சுந்தராம்பாள் மாதிரி ஒரே ஒரு பேரம் பேசினேன்: முருகன் பெயரை இழுத்துத் திட்டுகிற ஒரு வரி இருக்கிறது, அதை மட்டும் மாற்றுங்கள். யோசித்துவிட்டு மாற்றிக் கொடுத்தார். புது வரியில் சாமி இல்லை, மாமியார் இருக்கிறார். பழையதைவிட மோசம். வாயை மூடிக்கொண்டு வாங்கிக்கொண்டேன்.

முதல் ஒத்திகைக்குக் கழுத்தில் விரத மாலையோடு போனேன். யாரும் கண்டுகொள்ளவில்லை. ரம் புட்டியில் எலுமிச்சைத் தண்ணீர் ஊற்றியிருந்தார்கள். பழைய புட்டி, எத்தனை கழுவினாலும் மூடியில் வாசனை போகவில்லை. குடிக்கலாமா என்று ஒரு நிமிடம் நின்றேன். என் சொம்பை எடுத்து வைத்துக்கொண்டு, புட்டியை உதட்டுக்குக் கொண்டுபோகிற மாதிரி மட்டும் செய்தேன். பழைய மேளம் ஐயா, இதில் பாதி உங்களுக்காக.

அம்மாவிடம் சொல்லத்தான் மூன்று நாள் ஆனது. நேற்று இரவு அடுக்களையில் அவர் நாளைக்கான கறிக்குப் பூசணி நறுக்கிக்கொண்டிருந்தார். நான் தரையில் பாய் போட்டு வசனத்தை முணுமுணுத்துக்கொண்டிருந்தேன், வேண்டுமென்றே கொஞ்சம் சத்தமாக. கடன்காரன் காட்சி. கத்திச் சத்தம் நின்றது. நானும் நிறுத்தினேன்.

"என்ன நாடகம்?"

சொன்னேன். கதை முழுக்கச் சொன்னேன். அத்தை பெயரைச் சொல்லவில்லை.

அம்மா பூசணியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "மறுபடி சொல்லு" என்றார். சொன்னேன். கடன்காரனைப் பார்த்துச் சிரிக்கிற இடம் வந்தது, சிரித்தேன்.

"அவ அப்படி வாயைத் திறந்து சிரிக்கமாட்டா" என்றார். "மூக்கால சிரிப்பா. இப்படி."

செய்து காட்டினார். முப்பது வருடத்துக்கு மேல் ஆகியிருக்கும், அந்தச் சிரிப்பை நான் கேட்டு. பிறகு கத்தியை எடுத்து மறுபடி நறுக்கத் தொடங்கினார், நாளைக்கு ஒத்திகை எத்தனை மணிக்கு என்று கேட்டார்.